சத்தம் போடாத ஈயச்சொம்பு

தங்கத்தைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே குமட்டும். திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில், ஒரு மாடியில், நகைகளின் மாற்றுப் பார்த்துச் சொல்லும் சின்ன நிலையத்தில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். ஜனங்கள் கழுத்திலிருந்து கழற்றிய சங்கிலியைச் சூடு ஆறாமல் என் மேஜையில் போடுவார்கள். கண்ணிக்குக் கண்ணி வேர்வை, மஞ்சள், சோப்பு, பவுடர், தேங்காய் எண்ணெய் எல்லாம் சேர்ந்து கறுப்பாக ஒரு பிசுக்கு. தோட்டின் திருகாணியில் காய்ந்த சீழைக்கூடப் பார்த்திருக்கிறேன். ஒரு அம்மாளுக்கு மோதிரம் விரலை விட்டு வரவில்லை. என் கண்முன்னே அதில் எச்சிலைத் துப்பி, உருட்டி உருட்டிக் கழற்றி, "இந்தா மோளே" என்று என் உள்ளங்கையில் வைத்தாள். அய்யே! அன்றைக்கு எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

மாற்றுப் பார்க்கும் மெஷின் ஒரு தையல் மெஷின் அளவு இருக்கும். நகையை உள்ளே வைத்து மூடினால் எக்ஸ்ரே அடிக்கும். அடி வாங்கிய ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று உள்ள ஒரு ஒளியைத் திருப்பி விடும். தங்கத்துக்கு ஒன்று, வெள்ளிக்கு ஒன்று, செம்புக்கு ஒன்று. அதை வைத்து இன்னது இத்தனை பங்கு என்று திரையில் வரும். மேல்பூச்சு தடிப்பாக இருந்தால் மட்டும் ஏமாறும். அதனால் சந்தேகம் வந்தால் ஒரு ஓரத்தைச் சுரண்டிவிட்டு வைப்போம்.

கூட்டமில்லாத ஒரு மத்தியானம், நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகத்தில் ஒரு விஷயம் படித்தேன். நட்சத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்பதையும் அதனதன் ஒளியை வைத்துத்தான் கண்டுபிடித்தார்களாம். அட, நம்ம ஜோலிதான்! அங்கே பிடித்தது பைத்தியம். கெமிஸ்ட்ரி படித்தவள்தான் நான், ஆனால் கல்லூரியில் தனிமங்களின் அட்டவணையை மனப்பாடம் பண்ண வைத்தார்களே தவிர, அதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று ஒருத்தரும் சொன்னதில்லை. பிரபஞ்சம் தொடங்கிய முதல் சில நிமிஷங்களில் உண்டானது ஹைட்ரஜனும் ஹீலியமும்தான், தொட்டுக்கொள்ள ஒரு துளி லித்தியம். அவ்வளவுதான் ஆரம்பச் சமையல். கரி, பிராணவாயு, இரும்பு எல்லாம் அதற்கப்புறம் நட்சத்திரங்களின் வயிற்றில் வெந்தவை. பொன் அதிலும் அடங்காது. செத்துச் சுருங்கிய இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வந்து மோதிச் சிதற வேண்டும், அப்போது தெறிக்கும் பொடியில் பொன் இருக்கும். அப்படிப் பிறந்த பொருள், சூரியன் உண்டாவதற்கு முன்னாலிருந்தே இருக்கிற பொருள், கடைசியில் இந்தப் பிசுக்கோடும் எச்சிலோடும் என் மேஜைக்கு வந்து சேர்கிறதே என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

படித்ததை வாயை மூடிக்கொண்டு வைத்திருக்கத் தெரியாது எனக்கு. நகை கொண்டு வருகிறவர்களிடம் சொல்வேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் சொல்வேன். "உங்க சங்கிலி சூரியனைவிட மூத்ததாக்கும்" என்றால் கண்ணை விரித்துக் கேட்பார்கள். அடுத்த நிமிஷம் "அப்போ பழைய தங்கம்னா விலை குறைப்பாளோ?" என்பார்கள். போடி ஞான சூனியமே என்று மனசுக்குள் திட்டிக்கொள்வேன். ஆனாலும் அடுத்த ஆளிடம் சொல்லாமல் இருக்க மாட்டேன். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது, மறைப்பானேன்.

எனக்கு ஒரே தங்கை. அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். எனக்குக் கல்யாணம் அமையவில்லை, நானும் அதற்காக யார் முன்னாலும் போய் நின்றதில்லை. கிழக்கேகோட்டையில் பழைய அக்ரஹாரத் தெரு ஒன்றில் நானும் அவளும்தான். அவள் கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டுச் சீர் செய்ய வேண்டியவள் நான். மாப்பிள்ளை வீடு இரண்டு தெரு தள்ளி. அதுதான் கஷ்டம். வெளியூர்க்காரர்கள் என்றால் ஒரு நாள் பார்த்துவிட்டுப் போவார்கள். இவர்கள் நாம் வைக்கிற ஒவ்வொரு பாத்திரத்தையும் ஆயுசுக்கும் தூக்கிப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் சீர்ப் பாத்திரங்களில் ஈயச்சொம்பு கட்டாயம். வெள்ளீயத்தில் செய்த, கனத்த, வாய் விரிந்த பாத்திரம். ரசம் அதில்தான் வைக்க வேண்டும், இல்லையென்றால் ரசமே இல்லை என்பார்கள். அடுப்பில் ஏற்றும் முன் புளி ஜலத்தை ஊற்றிவிட வேண்டும், வெறும் பாத்திரமாகச் சூடு காட்டினால் உருகி அடுப்பிலேயே ஒழுகிவிடும். அம்மாவின் ஈயச்சொம்பு ஒன்று எங்களிடம் இருந்தது. அடி கறுத்து, வாய் கோணி, பக்கத்தில் இரண்டு சொட்டை. வாய் நெளியும்போதெல்லாம் அம்மா கட்டைவிரலால் அமுக்கி நிமிர்த்துவாள். அப்போது உள்ளே மணல் நெரிபடுவது போல நறநறவென்று ஒரு சத்தம் வரும். சுத்தமான வெள்ளீயத்தை வளைத்தால் அப்படித்தான் கத்தும். அதன் உள்ளே இருக்கிற படிகங்கள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் அது என்று பின்னால் கல்லூரியில் படித்தேன். எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

அந்தச் சொட்டைச் சொம்பை மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில், நாலு பேர் முன்னால், எப்படி வைப்பது? எனக்கு மானம் போயிற்று. ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஆரியசாலையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் போனேன். நாகர்கோவில் பக்கத்துக்காரர், அவர் அப்பா காலத்திலிருந்தே எங்கள் தெரு மொத்தத்துக்கும் அவர் கடைதான். பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கிக்கொள்ளலாம்.

அண்ணாச்சி சொம்பைக் கையில் வாங்கி, வாய் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினார். நறநற. மெல்லச் சிரித்துக்கொண்டார்.

"பழைய சாமான். அம்மாவோடதா?"

"ஆமாம். எடுத்துண்டு நன்னாப் பளபளன்னு ஒண்ணு தாங்கோ."

அவர் தராசில் வைத்துக்கொண்டிருக்கும்போது நான் வாயைத் திறந்தேன். திறக்காமல் இருப்பேனா? வெள்ளீயம் உண்டான கதையைச் சொன்னேன். வயசாகி ஊதிப் பருத்த நட்சத்திரங்களுக்குள் ஆயிரக்கணக்கான வருஷம் மெதுவாக வேகும்; ஒரு அணுக்கரு ஒவ்வொரு நியூட்ரானாக வாங்கி வாங்கிக் கனத்துக்கொண்டே போகும்; வழியில் ஒரு படியில் வெள்ளீயம், கடைசிப் படியில் காரீயம், அதற்கு மேல் போக முடியாமல் முட்டிக்கொண்டு நிற்கும் என்றெல்லாம் சொன்னேன். "வெள்ளீயமும் காரீயமும் பெரும்பாலும் ஒரே வயித்துல வெந்து வந்ததுதான், கேட்டேளா அண்ணாச்சி?" என்றேன்.

"அப்பம் ஒரே வயித்துப் பிள்ளையளா ரெண்டும்!" என்றார் அவர். ரொம்ப ரசித்துக் கேட்டார். சாலையில் இத்தனை வருஷத்தில் என் பேச்சை அப்படிக் கேட்டவர் யாரும் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

புதுச் சொம்பு நிலா மாதிரி மின்னியது. அதைக் கொண்டுபோய் என் மெஷினில் ஒரு நிமிஷம் வைத்துப் பார்த்திருக்கலாம். முழுசாக உள்ளே நுழையாது, அடியில் கொஞ்சம் செதுக்கி எடுக்க வேண்டும். சீர்ப் பாத்திரத்தில் சுரண்டல் தெரிந்தால் மாமியார் என்ன சொல்வாள்? "பழசை மெருகு போட்டுத் தந்துட்டா" என்பாள். அதனால் சுரண்டவில்லை. ஊரார் திருகாணியில் உள்ள சீழைத் துடைத்துத் துடைத்து மாற்றுப் பார்க்கிறவள், சொந்தத் தங்கைக்குக் கொடுத்த பாத்திரத்தைப் பார்க்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு என்னைக் கண்டாலே பிடிக்கவில்லை.

கல்யாணம் ஆனது. மாமியாருக்குச் சொம்பு ரொம்பப் பிடித்துப்போயிற்று. "எங்காத்து ரசம் ஈயச்சொம்பு ரசமாக்கும்" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டாள். வருஷம் திரும்புவதற்குள் தங்கை உண்டானாள். வாந்தியென்றால் அப்படி ஒரு வாந்தி. சோறு நிற்காது, பால் நிற்காது. வயிற்றில் நின்றது ரசம் ஒன்றுதான். காலையில் ஒரு டம்ளர், மத்தியானம் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். நல்ல புளிப்பாக, சூடாக. "அக்கா, நீ தந்த சொம்புல வெச்சா அந்த வாசனையே வேற" என்பாள். நானும் பூரித்துப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாலாம் மாசத்திலிருந்து அடிக்கடி வயிற்றுவலி என்றாள். மலச்சிக்கல் என்றாள், தலை கனக்கிறது என்றாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. மாசமாக இருக்கிறவளுக்கு இதெல்லாம் சகஜம் என்று மாமியார் சொன்னாள், தெருவில் எல்லாரும் சொன்னார்கள். இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்தார்கள், விழுங்கினாள். மாத்திரையை விழுங்குவதற்கும் ரசம்தான்.

ஏழாம் மாசம் வளைகாப்பு. அதற்கு முதல் நாள் உதவிக்குப் போயிருந்தேன். சமையல்கட்டில் தங்கையின் கையிலிருந்து சொம்பு நழுவித் தரையில் விழுந்து வாய் கோணிவிட்டது. "அய்யோ, மாமியார் பார்க்கறதுக்குள்ள நிமிர்த்திக் குடு அக்கா" என்று சிரித்துக்கொண்டே நீட்டினாள். அம்மா செய்வது போலக் கட்டைவிரலை விளிம்பில் வைத்து அமுக்கினேன்.

சத்தம் வரவில்லை.

இன்னொரு இடத்தில் அமுக்கினேன். வெண்ணெய் மாதிரி வளைந்து கொடுத்ததே தவிர மூச்சு விடவில்லை. புடவைத் தலைப்பால் விளிம்பை அழுத்தித் தேய்த்தேன். வெள்ளைத் தலைப்பில் பென்சிலால் கிறுக்கின மாதிரிச் சாம்பல் கோடு. காரீயம்தான் அப்படிக் கோடு இழுக்கும்.

"என்னக்கா?"

"ஒண்ணும் இல்லை. கடையில குடுத்து நிமிர்த்தி வாங்கிண்டு வரேன். அதுவரைக்கும் இதுல ஒண்ணும் வெக்க வேண்டா. எவர்சில்வர்லயே வெச்சுக்கோ."

"எனக்குப் பிடிக்காதே, அது வாயில வெக்கக் கொள்ளாது."

"சொன்னாக் கேளுடி!" என்று கத்திவிட்டேன். அவள் பயந்துபோய்ப் பார்த்தாள்.

அன்றைக்கு நிலையத்துக்கு விடுமுறை இல்லை. நேரே அங்கே போனேன். அடியில் சுரண்டி, ஒரு நகக்கண் அளவு சீவல் எடுத்து மெஷினுக்குள் வைத்து மூடினேன். வெளியே யாரோ வளையலை வைத்துக்கொண்டு "ஒந்நு வேகம் நோக்கணே" என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். திரையில் வந்தது. வெள்ளீயம் பாதிக்குக் கொஞ்சம் மேலே. மிச்சம் எல்லாம் காரீயம்.

மறுபடியும் வைத்தேன், அதேதான். வேறு இடத்தில் சுரண்டி வைத்தேன், அதேதான். காரீயம் விஷம் என்பதும், புளியும் சூடும் சேர்ந்தால் அதைக் கரைக்கும் என்பதும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர். ஏழு மாசம்.

அங்கிருந்து ஆரியசாலைக்கு நடந்தே போனேன். அண்ணாச்சி கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சொம்பை அவர் முன்னால் நங்கென்று வைத்தேன்.

"இதுல பாதி காரீயம்."

அவர் திடுக்கிடவில்லை. டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"பாதி இருக்காதும்மா."

"அப்போ தெரிஞ்சுதான் தந்தேளா?"

"நா உருக்குததில்லைம்மா. வார இடத்துல சேத்துத்தான் வருது. எல்லாவனும் சேக்கத்தான் செய்யுதான். முழு வெள்ளீயத்துல பண்ணுனா யாரு வாங்குவா இந்தக் காலத்துல? நீங்கதான பளபளன்னு கேட்டிய?"

"என் தங்கை மாசமா இருக்கா. ஏழு மாசமா இதுல ரசம் குடிச்சிருக்கா."

அதற்கு அவர் முகம் கொஞ்சம் மாறியது. மாறாமல் இல்லை. பிறகு ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு சொன்னார்: "நீங்கதானம்மா சொன்னிய, ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளையன்னு. ஒண்ணும் ஆவாது. தைரியமா இருங்க."

தூ! அவர் கடை வாசலில் துப்பினேன். என் வாழ்க்கையில் அதற்கு முன் தெருவில் துப்பினதில்லை. நான் ஆசை ஆசையாகப் படித்து, நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்த விஷயம், அந்த மனுஷனின் வாயிலிருந்து வந்தபோது எச்சில் ஊறிய மோதிரம் மாதிரி இருந்தது. அதில் பொய்யும் இல்லை, அதுதான் கொடுமை. இரண்டும் ஒரே வயிற்றில் வெந்ததுதான். நட்சத்திரத்துக்கு ரசம் வைக்கிற உத்தேசம் கிடையாது. பக்கத்தில் இருந்ததை எடுத்துக் கலந்தது மனுஷன்.

"பழைய சொம்பு எங்கே?" என்று கேட்டேன்.

"அது அன்னைக்கே உருக்குக்குப் போயாச்சுல்லா."

உருக்குக்குப் போயாயிற்று. அம்மாவின் சொம்போடு காரீயத்தைக் கலந்து, ஒன்றை இரண்டாக்கி யார் யார் வீட்டுக்கோ அனுப்பியாயிற்று. எங்களிடம் வந்ததும் அப்படி வேறு யாருடைய அம்மாவின் சொம்போ என்னவோ. கறுத்துக் கோணிக் கிடந்த ஒரு நல்ல பாத்திரத்தை, கௌரவத்துக்காக நானே கையில் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வளைகாப்பு நடக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த நினைப்பும் அசிங்கம்தான். அன்றைக்குச் சாயங்காலமே போய்ச் சொன்னேன். மாமியார் நம்பவில்லை. "நாங்கள்லாம் இதுல குடிச்சு வளர்ந்தவாளாக்கும். எங்களுக்கு என்ன ஆச்சு இப்போ?" என்றாள். தங்கை வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீதானே வாங்கித் தந்தே?"

"ஆமாம்."

"நீ பார்க்கலையா?"

நான் சொம்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

மறுநாள் வளைகாப்பை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வர நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் நான் சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை, அவளுக்கு வந்த மசக்கை எனக்கு வந்த மாதிரி. ரத்தத்தில் காரீயம் இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இருந்தது. மிக மோசமில்லை, நல்லதும் இல்லை என்றார் டாக்டர். காரீயத்தை உடம்பு சுண்ணாம்புச்சத்து என்று நினைத்து எலும்புக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளுமாம். வயிற்றில் பிள்ளை வளரும்போது அதன் எலும்புக்காகத் தாயின் எலும்பு சுண்ணாம்பைக் கரைத்துக் கொடுக்கும். அதோடு இதுவும் போகும். கால்சியம் கூட்டிக் கொடுக்கலாம், இரும்புச்சத்து கொடுக்கலாம், மறுபடி மறுபடி ரத்தம் பார்க்கலாம். வேறு பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை. பிறந்த பிறகும் பிள்ளையைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், பேச்சு, படிப்பு, புத்தி எல்லாவற்றையும்.

"எங்ஙனெயா கண்டுபிடிச்சது?" என்று டாக்டர் கேட்டார். நான் மெஷினைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சேச்சிக்கு இதல்லே ஜோலி?"

ஆமாம், எனக்கு இதுதான் ஜோலி. தங்கை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் தெருவில் பரவியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு வாசலில் மாமிகள் ஆளுக்கொரு ஈயச்சொம்போடு வந்து நின்றார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் சுரண்டி, சீவலைப் பொட்டலம் கட்டி, மேலே பேர் எழுதி வாங்கிக்கொண்டேன். மறுநாள் மதிய இடைவேளையில் மெஷினில் வைத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தவை மூன்றோ நாலோ. எல்லாம் கோணிச் சொட்டை விழுந்த பழசுகள். மின்னின அத்தனையிலும் காரீயம்.

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். பயந்தார்கள், அண்ணாச்சியை நாறடித்தார்கள். ஆனால் ஒருத்தியும் பாத்திரத்தைத் தூக்கிப் போடவில்லை. "பின்னே என்ன, கடையில குடுத்து வேற ஏதாவது வாங்கிண்டாப் போறும்" என்றாள் ஒருத்தி. "மாமி, அவன் அதையே உருக்கி இன்னொருத்திக்கு விப்பான்" என்றேன். "அது அவா பாடு" என்றாள். இன்னொருத்தி சொம்பைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிப் பரணில் வைத்துவிட்டாள். நாத்தனார் பெண்ணுக்குக் கல்யாணம் வருகிறதாம், சீரில் வைத்தால் ஆயிற்றாம். என் முகத்துக்கு நேரே, வெற்றிலை மென்றுகொண்டே இதைச் சொன்னாள். சீ, இவர்களெல்லாம் பெண்களா என்றிருந்தது. ஒரு நட்சத்திரம் செத்தால் அதன் சாம்பல் அடுத்ததற்குள் போகும் என்று ஒரு வாக்கியம் எனக்குள் தானாக வந்தது. சட்டென்று அதை நிறுத்தினேன். இப்படி அழகு அழகாகப் பேசித்தான் நான் கெட்டேன்.

உணவுப் பாதுகாப்பு ஆபீஸில் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அண்ணாச்சி கடையில் ஈயச்சொம்புகள் முன்வரிசையிலிருந்து உள்ளே போய்விட்டன. இப்போது என்னைக் கண்டால் கணக்காக எழுந்து பின்பக்கம் போய்விடுவார்.

எங்கள் சொம்பு என்னிடம்தான் இருக்கிறது. என்ன செய்வது என்று தெரியவில்லை. விற்றால் உருக்குக்குப் போகும். குப்பையில் போட்டால் பழைய சாமான்காரன் பொறுக்கிக்கொண்டு போய் அதே ஆரியசாலையில்தான் கொடுப்பான். ஆற்றில் போட மனசு வரவில்லை, அந்த ஜலத்தையும் யாராவது குடிப்பார்கள். தோரியமும் யுரேனியமும் கோடி கோடி வருஷம் கதிர் வீசி வீசித் தேய்ந்து கடைசியில் காரீயமாகத்தான் ஆகும். காரீயம் அதற்கு மேல் ஒன்றாகவும் ஆகாது. நான் செத்த பிறகும் அது அப்படியேதான் இருக்கும். பிளாஸ்டிக் பையில் சுற்றி, கயிறு கட்டி, அலமாரி மேல் வைத்திருக்கிறேன். மேலே "இதில் சமைக்கக் கூடாது" என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பிள்ளை பிறந்தபோது எனக்குச் சொல்லியனுப்பியது தங்கையின் புருஷன்தான். பெண் குழந்தை. எடை கொஞ்சம் குறைவு. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். தங்கை கண்ணை மூடிப் படுத்திருந்தாள், தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். குழந்தையின் ரத்தத்திலும் காரீயம் இருந்தது. தாயைவிடக் குறைவு. மூன்று மாசத்தில் மறுபடி பார்த்தபோது இன்னும் குறைந்திருந்தது. சத்தம் கேட்டால் திரும்புகிறாள், முகம் பார்த்துச் சிரிக்கிறாள் என்று புருஷன்தான் போனில் சொல்வார். இனிமேல் எப்படி என்று டாக்டர் உட்பட யாராலும் சொல்ல முடியாது. அவள் எப்போது உட்காருவாள், எப்போது முதல் வார்த்தை சொல்வாள் என்று நான் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன். தாமதமானால் அது, வாங்கும்போது என் கட்டைவிரல் அமுக்கிக் கேட்காமல் விட்ட சத்தத்தால்தான்.

ஆறாம் மாசம் குழந்தைக்குச் சோறூட்டல். கூப்பிட்டார்கள், ஊர் வாய்க்குப் பயந்து கூப்பிட்டிருப்பார்கள். போனேன். தங்கை என்னைப் பார்த்தாள், பேசவில்லை. நான் ஓரமாக ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விருந்தாளிகள் சாமான்களாகக் கொண்டுவந்து குவித்தார்கள். மாமியாரின் ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி, பால் புகட்டுகிற வெள்ளிப் பாலாடை ஒன்றைக் குழந்தை கையில் கொடுத்தாள். குழந்தை அதை நேரே வாயில் வைத்துக்கொண்டது.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் குழந்தையின் வாயிலிருந்து பாலாடையைப் பிடுங்கினேன். குழந்தை வீரிட்டு அழுதது. கூடம் மொத்தமும் என்னைப் பார்த்தது.

"அய்யே, என்ன இது?" என்றாள் பாலாடை கொண்டுவந்தவள். "வெள்ளியாக்கும். நான் என்ன தகரத்தையா குடுப்பேன்?"

"அவளுக்கு அந்த நாள்லேர்ந்து தலைக்குச் சுகமில்லை" என்றாள் மாமியார், எனக்குக் கேட்கும்படி.

பாலாடை என் கையில் இருந்தது. அதில் குழந்தையின் எச்சில். அருவருப்பே வரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று கையை நீட்டினேன். தங்கை குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். வாங்கிக்கொள்ளவில்லை.

"அதைக் கொண்டு போய்ப் பார்த்துண்டு வா" என்றாள்.

எட்டு மாசத்துக்கப்புறம் அவள் என்னிடம் பேசியது அதுதான். குரலில் பாசமும் இல்லை, கோபமும் இல்லை. அக்கா என்றும் சொல்லவில்லை. கூடத்தில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல் குழந்தையைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

சாலைக்கு ஆட்டோ பிடித்தேன். நிலையத்தில் வரிசையில் ஆறேழு பேர் நகையோடு காத்திருந்தார்கள், யாரையும் கேட்கவில்லை. பாலாடையைத் துடைத்தேன். மூக்குப் பக்கம், அடிப்பக்கம், விளிம்பு என்று மூன்று இடத்தில் சுரண்டினேன். அந்த மாமிக்கு இந்தச் சுரண்டல் தெரியும், தெரியட்டும். மெஷினுக்குள் வைத்து மூடினேன். வெள்ளி. கொஞ்சம் செம்பு. அப்படியே காத்திருந்தேன், வேறு ஒன்றும் வரவில்லை. இன்னொரு இடம். வெள்ளி, செம்பு. இன்னொரு இடம்.

தங்கைக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னால் கூடத்துச் சத்தம் கேட்டது.

"வெள்ளிதான்" என்றேன். "காரீயம் இல்லை."

கூடத்துச் சத்தம் குறைந்தது, அறைக்குள் வந்துவிட்டாள் போல.

"எத்தனை தரம் பார்த்தே?"

"மூணு தரம்."

"இன்னொரு தரம் பாரு" என்றாள். போனை வைக்காமல் காத்திருந்தாள். நான் மறுபடியும் பாலாடையை உள்ளே வைத்து மூடினேன்.